எதிர்ப்புச் சக்திக்கு நாலு வரியில் பொருள்

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஒரு மருத்துவ மாத இதழுக்காகச் சொல் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வாமை, எதிர்ப்பொருள், தடுப்பூசி, அழற்சி என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காதில் விழுகிற சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. மருந்து அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள்களை மொழிபெயர்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பதால் வேலை கடகடவென்று நகர்ந்தது. 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது.

எழுதியது இவ்வளவுதான்: "வெளியிலிருந்து வருகிறவற்றை அடையாளம் கண்டு உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் திறன். இது எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு

'அவ்வளவு நல்லது' என்று முடிக்கக் கை போனது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சத்துமாவு விளம்பரமும் அப்படித்தான் சொல்கிறது. என் அக்கா கணவரும் அப்படித்தான் நம்பினார். அந்த நம்பிக்கை அவரைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது.

இதழ் ஆசிரியரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "கதையெல்லாம் வேணாம்மா, அர்த்தம் போதும்" என்றார். அவருக்கு அர்த்தத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மீந்துபோன கதைதான் இது.

2

முதல் தொடக்கம்: "காலை வெயில் தேனீப் பெட்டிகளின் மேல் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்த வேளையில்

வேண்டாம். அன்று வெயிலே இல்லை என்று அக்கா சொல்கிறாள்.

இரண்டாவது தொடக்கம்: "அந்த வீட்டுக்குள் மரணம் கதவைத் தட்டாமல்

இதுவும் வேண்டாம். நீங்கள் பயந்துபோய் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: அத்தான் பிழைத்துவிட்டார். இதை நான் எழுதும்போது பக்கத்து அறையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார், கோணலாக. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை, கொட்டிய தேனீக்களைத் தவிர. நிம்மதியாகப் படியுங்கள்.

அத்தான் தேனீ வளர்ப்பவர். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பழத்தோட்டத்து ஓரமாக வரிசையாகப் பெட்டிகள். பெட்டி வேலை முழுக்க அவருடையது. தேனை வடிகட்டிப் புட்டியில் அடைப்பதும் கடைகளுக்குப் போன் போட்டுக் கத்துவதும் அக்கா. அவள் பெட்டிப் பக்கம் போகவே மாட்டாள். "தேன் வேணும், ஈ வேணாம்" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

3

எத்தனையோ தடவை அவரைத் தேனீ கொட்டியிருக்கிறது. கொடுக்கை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒருநாள் கழுத்தில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, தலை சுற்றியது. மர நிழலில் சாய்ந்து கிடந்தார். தானாகவே அடங்கிப் போயிற்று. சாப்பிடும்போதுதான் அக்காவிடம் சொன்னார், ஊர்ச் செய்தி சொல்வதுபோல.

"எதிர்ப்பு சக்தி கொறஞ்சு போச்சு போல."

"என்ன கொறஞ்சு போச்சு?"

"முன்னெல்லாம் நெறைய கொட்டும், ஒடம்பு தாங்கும். இப்ப கையுறை போட்டுக்கிட்டே வேலை பாக்கறேன்ல, பழக்கம் விட்டுப்போச்சு. நாலு கொட்டு வாங்கினா சரியாயிடும்."

கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் தோன்றும். அக்காவுக்கும் தோன்றியது. தினமும் பழம் பிழிந்து கொடுத்தாள், கடையிலிருந்து ஒரு டானிக்கும் வாங்கி வந்தாள். அத்தான் கையுறையைக் கழற்றி அலமாரியில் வைத்தார்.

(இந்த இடத்தில் கதைக்குள் நுழைந்து அந்தக் கையுறையை எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும்போல இருக்கிறது. எழுதுகிறவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பார்கள். ஆனால் இது நடந்துபோனது.)

4

அக்கா பின்னறையில் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மணிக்கட்டில் ஒரே ஒரு கொட்டு.

"தொண்டைக்குள்ள என்னமோ..." என்றார். அது அவருடைய குரலாகவே இல்லை. அப்புறம் நிலையோடு சரிந்துவிட்டார்.

என் முதல் படியில் அடுத்த வரி இப்படி இருந்தது: "அக்கா அவர் கையைப் பற்றிக்கொண்டு கதறினாள்." அதைப் படித்துவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் எங்கடி கதறினேன்?"

"கதையில அப்படி இருந்தா நல்லா இருக்கும்க்கா."

"கதறதுக்கு எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? அடிச்சுடு."

அடித்துவிட்டேன். நடந்தது இதுதான். பக்கத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவரை அக்கா ஒரே சத்தத்தில் வரவழைத்தாள். இருவருமாக அத்தானைத் தூக்கிச் சரக்கு வண்டியின் பின்னால் கிடத்தினார்கள். அவர் மூச்சுக்குத் தவித்து எழுந்து எழுந்து உட்காரப் பார்த்தார். அக்கா போனில் மருத்துவ நிலையத்தைப் பிடித்தாள். அங்கிருந்த நர்ஸ், "உக்கார விடாதீங்க, படுக்க வைங்க, காலை உயரமா வைங்க" என்றாள். வண்டியில் தேன் டின் ஒன்று கிடந்தது. அக்கா அவர் கால்களைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாதம் சில்லிட்டுக்கொண்டே வந்தது என்றாள். என்னிடம் அவள் கொஞ்சம் தடுமாறிச் சொன்னது அந்த ஒரு வரியை மட்டும்தான்.

பட்டறைக்காரர் சிக்னலில் நிற்காமல் ஓட்டினார். ("அதைக் கண்டிப்பா எழுது" என்றாள் அக்கா. பிறகு, "வேணாம், பாவம், அபராதம் போட்டுடுவாங்க" என்றாள். ஆகவே நான் எழுதவில்லை.) நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். கால்சட்டை மேலேயே தொடையில் அட்ரினலின் ஊசியைக் குத்தினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று. முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்கிறாள் அக்கா, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டதுபோல.

அத்தான் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "பெட்டி மூடி தெறந்து கெடக்கு."

"நான் போயி மூடறேன். நீங்க மொதல்ல வாயை மூடுங்க."

* அனாபிலாக்சிஸ்: கடுமையான, திடீர் ஒவ்வாமை எதிர்வினை. அத்தானுக்கு வந்தது இதுதான். கிரேக்க மொழியில் 'காப்பு' என்ற சொல்லுக்கு நேர் எதிராகச் செய்யப்பட்ட சொல். காக்க வந்தது கவிழ்த்துவிடுவது. அந்த நாலு வரிக்காக அகராதி பார்த்தபோதுதான் இது எனக்கே தெரிந்தது. எத்தனை துண்டுத்தாளில் இந்தச் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்திருக்கிறேன்!

5

பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வாமை டாக்டர் ஒரு அம்மாள். சாதாரணமாகப் பேசினாலே வராந்தா வரைக்கும் கேட்கும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, "தேனீ விஷத்துக்குப் பாசிட்டிவ்" என்றார். அத்தான் முகம் மலர்ந்தது.

"நல்லதுதானே டாக்டர்?"

"இல்லைங்க. இங்க பாசிட்டிவ்னா 'இருக்கு'ன்னு அர்த்தம். நல்லதா கெட்டதான்னு அந்த வார்த்தைக்குத் தெரியாது."

"அப்ப எதிர்ப்பு சக்தி கொறஞ்சுதான் போச்சா?"

"யார் சொன்னா? உங்களுக்கு அது கூடிப்போயி நிக்குது."

அத்தானுக்குப் புரியவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "உங்க பெட்டிங்க எல்லாம் ஒரே குணமா?"

"இல்லைங்க. சிலது சாது. சிலது முரட்டுப் பெட்டி. நிழல் விழுந்தாலே கெளம்பி வந்து கொட்டும்."

"முரட்டுப் பெட்டின்னா பலமான பெட்டியா?"

"அப்படிச் சொல்ல முடியாது. கோவம் ஜாஸ்தி. அவ்வளவுதான்."

"உங்க ஒடம்பு இப்ப அந்த மாதிரி ஆயிடுச்சு. ஒரு கொட்டுல இருக்கற துளி விஷம் உங்களக் கொல்லாது. அதைப் பாத்து உங்க ஒடம்பு போடற ஆட்டம் கொன்னுடும். நீங்க டானிக் குடிச்சீங்க, கையுறையக் கழட்டினீங்க... சரி, விடுங்க. முரட்டுப் பெட்டி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ராணிய மாத்திடுவோம் டாக்டர்."

அக்கா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அது இங்க சரிப்படாது" என்று டாக்டர் சிரித்தார். "நாங்க பழக்குவோம். அதே தேனீ விஷத்தை ரொம்ப ரொம்பக் கொஞ்சமா ஊசியில போட்டு, மெதுவா ஏத்திக்கிட்டே போவோம். இது எதிரி இல்ல, சும்மா கெடன்னு ஒடம்புக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி. ஆனா வீட்ல நீங்களா கொட்டு வாங்கிப் பழக்கக் கூடாது. அளவும் தெரியாது, பக்கத்துல நாங்களும் இருக்க மாட்டோம்."

"இத்தனை வருஷம் வராதது இப்ப ஏன் வந்துச்சு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"உங்க விஷயத்துல ஏன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா என்ன செய்யணும்னு தெரியும்."

தெரியாது என்று சொன்ன அந்தப் பதில்தான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்று அக்கா பிறகு சொன்னாள். ஆனாலும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்: "விஷ ஊசி போட்டுக்கறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி."

6

அத்தான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபோதே அக்கா பெட்டி மூடியைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவருடைய சட்டை, அவருடைய முகவலை, உள்ளே இவள். மூடியை வைத்துவிட்டு ஓடிவரத்தான் நினைத்தாள். ஆனால் உள்ளேயிருந்து வந்த அந்த இரைச்சல் கோபமாக இல்லை, யாரோ வேலை மும்முரத்தில் வாய்க்குள் பேசிக்கொள்வதுபோல இருந்தது என்றாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டிருக்கிறாள்.

டாக்டர் சொன்னபடி, ஊசி வேலை நல்ல நிலைக்கு வரும்வரை அத்தான் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது. ஆனால் பெட்டிகள் காத்திருக்காது. அக்கா இறங்கினாள். அத்தான் ஜன்னலை அடைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகக் கத்துவார்.

"அடை இருக்கற சட்டத்த நேரா தூக்கு! பொகைய மொதல்ல போடு! அவசரப்படாத!"

"அதுங்களுக்கு ஒண்ணுமில்ல, உங்க சத்தம்தான் பிடிக்கல!"

வரவர அவர் கத்துவது குறைந்தது. கத்த வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பின்னறையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினார்.

இங்கே ஒரு சிக்கல். அக்காவை எனக்குத் தெரியும், என்ன வேண்டுமானாலும் எழுதிவிடுவேன். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த அத்தான் மனதில் என்ன ஓடியது? "அவர் உள்ளம் சிறகொடிந்த

இல்லை. நேராகவே போய்க் கேட்டேன்.

"என்ன ஓடும்? லேபிள் ஒட்டினேன்" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். அன்று டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். "ஒருநாள் உங்க அக்கா சட்டத்த வெளியில எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா. நான் பிடிக்கற மாதிரியே. முட்டை இருக்கான்னு பாக்கறா. யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. எது மொதல்ல வந்துச்சுன்னு கேக்காதே."



ஊசிகள் முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம். போட்டபின் ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். கை வீங்கும், அரிக்கும், அடங்கும். உடம்பு இப்படிப் பழகுவதற்கு மருத்துவத்தில் உள்ள 'டாலரன்ஸ்' என்ற சொல்லை நான் 'சகிப்புத்தன்மை' என்று மொழிபெயர்த்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அது புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இருக்கறது. தேனீக்கு வேற வார்த்தை தேடு" என்றாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

7

அளவு ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியது. ஒருநாள் டாக்டர், "இப்ப நெஜமாவே பழகிடுச்சான்னு பாத்துடலாம். ஒரு உயிருள்ள தேனீய விட்டுக் கொட்ட வைக்கணும். இங்கயே, எல்லாத் தயாரோட" என்றார்.

"தேனீ?"

"எங்ககிட்ட விஷம் இருக்கு. தேனீ இல்ல. நீங்கதான் கொண்டுவரணும்."

அக்கா அகன்ற வாய்ப் புட்டியில் சில தேனீக்களைப் பிடித்து, வாயில் வலைத்துணி கட்டி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். நானும் கூடப் போனேன். பக்கத்து இருக்கை அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது?"

"மருந்து."

"அசையுதே?"

"ஆமா. உசுரோட குடுக்கணும்."

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். அவள் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்று எனக்குச் சந்தேகம்.

அறையில் அத்தானைப் படுக்க வைத்து, கையில் ஊசிக்குழாய் ஏற்றி, நெஞ்சில் ஒயர்கள் ஒட்டி, தட்டில் அட்ரினலினை நிரப்பித் தயாராக வைத்தார்கள். அத்தனையையும் கை நடுங்காமல் செய்த அந்த ஆஸ்பத்திரி நர்ஸ், புட்டியைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கிவிட்டாள். "டாக்டர், எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஈன்னா பயம்." டாக்டர் இடுக்கியை எடுத்து முயன்றார். தேனீ நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது.

"குடுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

இந்தக் காட்சியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நாள் வைத்திருந்தேன். உவமை எதுவும் ஒட்டவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவரைச் சாகடிக்கக் கிளம்பிய அதே பூச்சியை அக்கா இடுக்கியில் பிடித்து அவர் கைமேல் வைத்தாள். அது கொட்டவில்லை. ஊர்ந்தது, மீசையைத் துடைத்துக்கொண்டது.

"சாதுப் பெட்டியிலேர்ந்து பிடிச்சிட்டு வந்துட்டியா?" என்றார் அத்தான்.

"பேசாம படுங்க."

இரண்டாவது தேனீயை எடுத்தாள். லேசாக அழுத்தினாள். கொட்டியது. அத்தான் பல்லைக் கடித்தார். அக்கா இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன்.

காத்திருந்தோம். டாக்டர் விட்டு விட்டுக் கேட்டார்.

"அரிக்குதா?"

"கொட்டின எடத்துல மட்டும்."

"தொண்டை?"

"இல்ல."

"தலை சுத்துதா?"

"இல்லைங்க."

"வேற என்ன பண்ணுது?"

"வலிக்குது டாக்டர்."

"எப்படி வலிக்குது?"

அத்தான் யோசித்தார். "தேனீ கொட்டின மாதிரி வலிக்குது."

டாக்டர் சிரித்த சிரிப்பு கட்டிடத்துக்கே கேட்டிருக்கும். நர்ஸும் சுவரை விட்டு நகர்ந்து வந்து சிரித்தாள். மேலும் நெடுநேரம் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். ஒன்றும் வரவில்லை. மணிக்கட்டில் ஒரு சாதாரண வீக்கம், எல்லோருக்கும் வருகிறதே, அது. அத்தான் அதை எல்லோருக்கும் காட்டினார், மோதிரம் காட்டுகிற மாதிரி.

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அக்கா அழுதாள். இதை எழுதலாம் என்று சொல்லியிருக்கிறாள். "நல்லா அழுதேன், அப்படியே எழுது" என்றாள்.

8

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் வாழ்க்கை நல்ல கதைக்கு அடங்குவதில்லை. டாக்டர், "ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கணும், அவசர ஊசி எப்பவும் கூட இருக்கணும், முகவலை கையுறை இல்லாம போகக் கூடாது, இது மூணும் இருந்தா தாராளமா பெட்டி வேலை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அத்தான் வீட்டுக்கு வந்ததும் முகவலை மாட்டியிருக்கும் ஆணியைப் பார்த்தார். வலை அங்கே இல்லை. அக்காவின் துணி அலமாரியில் இருந்தது.

முடிவு ஒன்று: அக்கா முகவலையைத் திருப்பிக் கொடுக்கிறாள். எல்லாம் பழையபடி. (அக்கா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "யாரு சொன்னா?")

முடிவு இரண்டு: அத்தான் விட்டுக்கொடுக்கிறார். லேபிள் கோணல் நேராகிறது. (அத்தான் எழுதவில்லை. பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார்.)

முடிவு மூன்று: இரண்டு முகவலை வாங்குகிறார்கள். இது எனக்குத் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன். "முகவலை ரெண்டு வாங்கலாம்டி. ஒரு பெட்டிக்கு ரெண்டு பேர் உத்தரவு போட்டா ஈ எங்க போகும்?" என்றாள்.

இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். அத்தான் குரலைத் தணித்துச் சொன்னார்: "அவ திருப்பிக் குடுத்தான்னு எழுதிடு. அச்சுல வந்துட்டா அவ மறுக்க மாட்டா." அடுப்படியில் அக்கா சொன்னாள்: "அவரு, நீயே பாத்துக்கோன்னு சொன்னதா எழுதேன். எழுத்துல பாத்தா அவருக்கும் ஆசை வரும்." இருவர் முகத்திலும் கோபம் இல்லை. அவர் உயிரோடு இருந்து உரிமை கேட்பதில் அக்காவுக்கும், இவள் தோட்டத்தைக் கண்டு நடுங்காமல் மறுப்பதில் அத்தானுக்கும் ஒரு சந்தோஷம் இருப்பதை மறைக்க முடியவில்லை.

9

இதை அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன் போன் வந்தது. பஸ் நிறுத்தத்துப் பெயர்ப்பலகையில் ஒரு தேனீக் கூட்டம் வந்து கொத்தாகத் தொங்குகிறதாம், சனங்கள் ரோட்டில் நிற்கிறார்களாம், உடனே வர முடியுமா என்று யாரோ கேட்டார்கள்.

அத்தானும் அக்காவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

வண்டிச் சாவி அத்தான் கையில். முகவலை அக்கா கையில். கூட்டத்தைப் பிடித்து அடைக்கக் காலிப் பெட்டி வாசலில். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவசர ஊசிப் பை என் மடியில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளும் ஆள் கூடப் போயாக வேண்டும். நான் எழுந்தால் இந்த வாக்கியத்தை எழுத ஆளில்லை.

ஆகவே அங்கே போய்ச் சேர்ந்ததும் முகவலை யார் தலையில் ஏற வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்தக் கூட்டம் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது.